பவர்போலா, கிரிப்பரா? மணிக்கட்டுக்கும் கைப்பிடிக்கும் எதை வாங்குவது

கொழும்பு புறக்கோட்டையில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்குள் போய், கைக்குப் பலம் தரும் சாமான் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பொருள்கள் மேசைக்கு வரும். ஒன்று, இரு கைப்பிடியும் நடுவில் ஸ்பிரிங்கும் உள்ள கிரிப்பர். மற்றது, டென்னிஸ் பந்தளவில், உள்ளே ஒரு உருளை சுழலும் பவர்போல். இரண்டு பெட்டியிலும் ஏறத்தாழ ஒரே வாசகம்தான் இருக்கும்: பிடி பலக்கும், மணிக்கட்டு பலக்கும், முன்கை பலக்கும். உண்மையில் இவை இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு. அதைத் தெரியாமல் வாங்கியதால்தான் பல வீடுகளில் பவர்போல் ஒரு மாதத்தில் லாச்சிக்குள் போய்விடுகிறது.

எனவே முதலில் உங்கள் கையில் எது குறை என்று பாருங்கள். பத்து லீட்டர் வாளியை நிறையத் தண்ணீரோடு ஒரு கையால் தூக்கி, கையைத் தொங்கவிட்டபடி நில்லுங்கள். ஒரு நிமிடத்துக்குள் விரல்கள் விரிந்து பிடி வழுகினால் குறை பிடியில் இருக்கிறது. அடுத்து ஒரு பெரிய துவாயை நனைத்து, தண்ணீர் சொட்டாத வரைக்கும் முறுக்கிப் பிழியுங்கள். பிடி நழுவாமல், ஆனால் முன்கை எரிந்து மணிக்கட்டு சோர்ந்துபோனால், குறை மணிக்கட்டிலும் முன்கைத் தசை தாக்குப்பிடிப்பதிலும் இருக்கிறது. முதலாவதற்கு கிரிப்பரும், கம்பியில் தொங்குதலும். இரண்டாவதற்கு பவர்போல் அல்லது, கயிற்றில் எடை கட்டி மணிக்கட்டால் சுருட்டும் உருளைக் கட்டை. இரண்டுமே குறை என்றால் எந்தச் சாமானை முதலில் வாங்குவது என்பதைக் கீழே சொல்கிறோம்.

பந்துக்குள் என்ன நடக்கிறது

பம்பரம் விட்டவர்களுக்கு இது விளங்கும். வேகமாகச் சுழலும் பம்பரம் சரிந்தாலும் விழாது. அதன் தலை மெதுவாக ஒரு வட்டம் போடும். பவர்போலுக்குள் இருக்கும் உருளையும் அப்படித்தான். அதன் அச்சின் இரு முனைகளும் பந்தின் வெளி ஓட்டின் உட்புறமாக ஓடும் வட்டப் பள்ளம் ஒன்றில் அமர்ந்திருக்கும். உருளை சுழலும்போது நீங்கள் மணிக்கட்டைச் சரித்தால், அச்சின் ஒரு முனை பள்ளத்தின் மேல் விளிம்பிலும் மற்ற முனை கீழ் விளிம்பிலும் அழுந்தும். அழுந்திய நிலையிலேயே அச்சு அந்தப் பள்ளத்தைச் சுற்றி வரும். அழுத்தமும் உராய்வும் சேர்ந்து அச்சு முனைகளைப் பள்ளத்தில் உருட்டுகின்றன. அந்த உருளலே உருளையை மேலும் வேகமாகச் சுழற்றுகிறது. அமெரிக்கரான ஆர்ச்சி மிஷ்லர் 1973இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இதுதான். இன்று எந்தப் பெயரில் விற்றாலும் உள்ளே அடிப்படை மாறவில்லை.

இதிலிருந்து வாங்குபவருக்குத் தேவையான இரண்டு விஷயங்கள் வருகின்றன. பந்து உங்கள் கையை எதிர்க்கும் விசை, உருளையின் வேகத்தைப் பொறுத்தது. அதுவும் நேர் விகிதத்தில் அல்ல: உருளை வேகமானால் அச்சு பள்ளத்தைச் சுற்றும் வேகமும் கூடவே ஏறுவதால், வேகம் இரண்டு மடங்கானால் கையில் விழும் சுமை நான்கு மடங்காகும். அதனால் ஒரே பந்தில் சிறுவனும் பயிலலாம், பளு தூக்குபவரும் பயிலலாம். சுமையை ஏற்ற வேறு பந்து வாங்கத் தேவையில்லை. மணிக்கட்டை வேகமாகச் சுற்றினால் போதும்.

இரண்டாவது, உராய்வு இல்லாவிட்டால் பந்து வேலை செய்யாது. பள்ளத்தில் எண்ணெய் விடவே கூடாது. சத்தம் கூடிவிட்டது என்று தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விடுபவர்கள் உண்டு. அதன்பிறகு அச்சு முனை உருளாமல் வழுக்கும். கயிறு இழுத்தவுடன் உருளை சுற்றும், ஆனால் மணிக்கட்டை எப்படித்தான் சுற்றினாலும் வேகம் ஏறாமல் செத்துப்போகும். அப்படி நேர்ந்துவிட்டால் பாமசியில் வாங்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, பள்ளத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்து, ஒரு மணி நேரம் காயவிடுங்கள். கையில் தேங்காய் எண்ணெயோ கிரீமோ பூசிக்கொண்டு பந்தைப் பிடிப்பதும் மெல்ல மெல்ல இதே கதியைத்தான் தரும்.

தொடங்குவதில்தான் பலர் விடுகிறார்கள்

கயிறு சுற்றி இழுத்துத் தொடங்கும் பந்து என்றால், ஓட்டின் திறந்த வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, பெருவிரலால் உருளையை உருட்டி அதிலுள்ள சின்னத் துளையை வாய்க்கு நடுவே கொண்டுவாருங்கள். கயிற்றின் விறைப்பான முனையை ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு உள்ளே செருகி, உருளையின் நடுப்பள்ளத்தில் கயிறு ஒழுங்காக விழும்படி பெருவிரலாலேயே சுற்றுங்கள். கயிறு பள்ளத்தை விட்டு ஓரத்தில் ஏறினால் இழுக்கும்போது சிக்கும். பிடிப்பதற்கு நான்கு விரற்கடை மீதி இருக்கும்போது நிறுத்தி, நேராக மேல்நோக்கி ஒரே வெட்டில் இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் கயிறு ஓட்டின் விளிம்பில் உரசி, சில நாளில் பிரிபிரியாகப் போய்விடும்.

இழுத்த கணமே வேகமாக ஆட்டத் தொடங்குவது அடுத்த பிழை. வாயைக் கீழ்ப்பக்கம் திருப்பி, முழங்கையை உடலோடு வைத்து, மணிக்கட்டை மட்டும் மெதுவாக, அகலமான வட்டமாகச் சுற்றுங்கள். மோர் கடையும்போது மத்து வரும் சீரான சுற்றை நினைத்துக்கொள்ளுங்கள். சரியாகப் பிடித்தால் பந்து உங்கள் கையை முன்னே இழுத்துக்கொண்டு போவதுபோல இருக்கும், ரீங்காரம் வழுவழுப்பாக ஏறும். கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தால், உங்கள் சுற்றும் அச்சின் சுற்றும் ஒத்துப்போகவில்லை. நிறுத்தவேண்டாம், சுற்றை இன்னும் மெதுவாக்குங்கள், தானாகவே ஒட்டிக்கொள்ளும். முழுக் கையையும் தோளிலிருந்து ஆட்டுபவருக்கு முன்கை வேலை செய்யாது, தோள்தான் களைக்கும்.

எந்தப் பந்து

முதல் கேள்வி பிளாஸ்டிக் உருளையா, உலோக உருளையா என்பது. பிளாஸ்டிக் பந்து 250 கிராம் அளவில் இருக்கும். உலோக உருளை உள்ளது அதைவிடத் தெளிவாகவே கனக்கும், விலையும் சில மடங்கு. எடை உருளையின் விளிம்பில் குவிந்திருப்பதால், ஒரே வேகத்தில் உலோகப் பந்து கையை மிக அதிகமாக முறுக்கும். முன்கை பழகாதவர் இதை வாங்கினால் குறைந்த வேகத்திலேயே கை தாங்காது. மெதுவாகச் சுற்றினால் பந்து செத்துவிடும், வேகமாகச் சுற்றினால் மணிக்கட்டு நோகும். முதற் பந்து பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். ஒரு நிமிடம் முழு வேகத்தில் சுற்றியும் முன்கை எரியாத நிலை வந்த பின்னரே உலோகத்தைப் பற்றி யோசிக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அந்த நிலை வருவதேயில்லை, வரத் தேவையும் இல்லை.

கயிறு இல்லாமல் தானாகத் தொடங்கும் வகையில், அம்புக்குறி காட்டும் பக்கமாக உருளையைப் பெருவிரலால் பின்னோக்கி உருட்டினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகும். விட்டால் சுழலும். வசதியானது. மூட்டு வாதம் உள்ளவர், ஒரு கையில் காயம் உள்ளவர், கயிறு இழுக்கத் தடுமாறும் வயதானவர் ஆகியோருக்கு இதுவே சரி. ஆனால் அந்த ஸ்பிரிங்தான் இந்தப் பந்தில் முதலில் உடையும் பாகம். இறுகிய பிறகும் இன்னும் ஒரு சுற்று என்று வற்புறுத்துவதாலும், அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் உருட்டுவதாலும் அது போய்விடும். ஆகவே உருளையில் கயிற்றுத் துளையும் சேர்ந்து உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்பிரிங் போனாலும் பந்து வாழும். இல்லாவிட்டால் அதோடு அதன் கதை முடிந்தது.

சுற்று எண்ணும் மீற்றர், காசு கொடுக்கத் தகுந்தது. முப்பது விநாடியில் எத்தனை சுற்று, உச்ச வேகம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் இந்த மாதம் போன மாதத்தைவிட முன்னேறினோமா என்று சொல்ல முடியும். அதற்குள் இருக்கும் பட்டன் பற்றரி எளிதாகக் கிடைக்கும் இலக்கமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மின்னும் விளக்கு பயிற்சிக்கு எதையும் சேர்க்காது. பிள்ளைகள் விரும்புவார்கள், அவ்வளவுதான்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் கிலோ எண்ணை நம்பி ஒப்பிடவேண்டாம். அது உச்ச வேகத்தில் கையில் விழும் சுமையைச் சொல்கிறது. வீட்டில் பயில்பவர் அந்த வேகத்தைத் தொடுவதே அரிது. கிரிப்பரில் எழுதியிருக்கும் கிலோவோடு அதற்குத் தொடர்பே இல்லை.

கிரிப்பர் எங்கே வெல்கிறது

பவர்போலில் விரல்கள் பந்தைப் பிடித்தபடியே இருக்கின்றன. விரிவதுமில்லை, மூடுவதுமில்லை. அதனால் நசுக்கும் பலம், அதாவது கையை முழுதாக மூடும் பலம், பந்தால் பெரிதாக வளராது. அதை வளர்ப்பது கிரிப்பர். இந்த இடத்தில் பந்து விற்பவர்கள் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை.

கிரிப்பரிலும் இரண்டு உலகம். ஒன்று, திருகி 5 முதல் 60 கிலோ வரை ஏற்றலாம் என்று சொல்லும் பிளாஸ்டிக் வகை. மலிவு. ஸ்பிரிங்கின் ஒரு முனையை நகர்த்திச் சுமையை மாற்றும். அதில் உள்ள எண் உண்மையான கிலோ அல்ல, ஒன்றை விட மற்றது கடினம் என்று காட்டும் அளவுகோல் மட்டுமே. புதிதாகத் தொடங்குபவருக்கு அது போதும். மற்றது, ஒரே சுமைக்கென்று செய்யப்பட்ட முழு உலோக வகை. அமெரிக்காவின் அயர்ன்மைண்ட் நிறுவனத்தின் கேப்டன்ஸ் ஒஃப் க்ரஷ் இந்த வகையில் உலகம் அறிந்தது. அதில் ட்ரெயினர் 100 இறாத்தல், இலக்கம் 1 என்பது 140 இறாத்தல், இலக்கம் 3 என்பது 280 இறாத்தல். உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகாத ஆரோக்கியமான ஆண் பலருக்கு இலக்கம் 1 முதல் நாளில் மூடாது. எனவே பெருமைக்கு அதை வாங்காமல், ட்ரெயினரோ அதற்குக் கீழுள்ள 80 இறாத்தல் ஸ்போர்ட்டோ வாங்குவதே புத்தி. ஐந்திலிருந்து எட்டுத் தடவை முழுதாக மூட முடிவதுதான் உங்கள் அளவு. இருபது தடவை மூடினால் அது இலேசு. ஒரு தடவையும் மூடாவிட்டால் அது பயிற்சிக்கல்ல.

கொழும்பில் கிரிப்பருக்கு எதிரி கடற்காற்று. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க மாடி வீட்டு ஜன்னலோரம் வைத்த ஸ்பிரிங்கில் சில வாரங்களில் செம்புள்ளி விழும். மூடும்போது கிறீச்சிடும். ஸ்பிரிங் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தால் சரி. பவர்போலுக்கு நஞ்சான எண்ணெய்தான் கிரிப்பருக்கு மருந்து. இரண்டையும் ஒரே பையில் போட்டால் எண்ணெய் பந்துக்குள் போகும் என்பதையும் மறக்கவேண்டாம்.

கடைக்கே போகாத வழிகள்

மணிக்கட்டுக்கு பவர்போலை விடவும் உறுதியான பலம் தருவது உருளைக் கட்டை. வீட்டிலேயே செய்யலாம். கையில் நிறையும் தடிப்பான, 40 சென்ரிமீற்றர் நீளமுள்ள பிவிசி குழாயோ கட்டையோ எடுத்து, நடுவில் துளையிட்டு, 1.2 மீற்றர் கயிற்றின் ஒரு முனையைத் துளைக்குள் விட்டு முடிச்சிடுங்கள். துளையிடாமல் வெறுமனே கட்டினால் கயிறு வழுக்கிக்கொண்டே இருக்கும். மறு முனையில் 1.5 லீட்டர் தண்ணீர்ப் போத்தல், அதாவது ஒன்றரைக் கிலோ. கட்டையை இரு கையாலும் வயிற்றுக்கு முன் பிடித்து, மணிக்கட்டை மாற்றி மாற்றித் திருப்பி போத்தலை மேலே சுருட்டுங்கள். பிறகு அதே மெதுவோடு இறக்குங்கள். இறக்குவதில்தான் பாதிப் பலன். போத்தலைத் தடாலென்று விழவிடுபவர் அதை இழக்கிறார். மூன்று தடவை ஏற்றி இறக்க இலகுவானால் இரண்டாவது போத்தலைக் கட்டுங்கள். விலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இதன் குறை, பக்கவாட்டு அசைவும் வட்ட அசைவும் இதில் இல்லை. அங்கேதான் பவர்போல் மேல்.

கர்லாக்கட்டை இருப்பவர்களுக்கு அந்த வட்ட அசைவும் கிடைக்கும். ஆனால் தோளையும் சேர்த்தே அது வேலைவாங்கும், மாடி வீட்டு அறையில் சுழற்றவும் இடம் போதாது.

விரல்களை விரிக்கும் தசைகளுக்கு பந்தும் உதவாது, கிரிப்பரும் உதவாது. மூடும் தசைகளை மட்டுமே பலமாக்கிக்கொண்டு போனால் முழங்கையின் வெளிப்பக்கம் நோவெடுக்கும் வாய்ப்பு உண்டு. ஐந்து விரல் நுனிகளையும் சேர்த்து ஒரு தடித்த இறப்பர் பட்டியை மாட்டி, இருபது தடவை விரித்து மூடுங்கள். அல்லது பத்து லீட்டர் வாளியில் ஐந்தாறு கிலோ நாட்டரிசியைக் கொட்டி, கையை மணிக்கட்டுவரை புதைத்து, உள்ளே விரல்களை விரியுங்கள், பிசையுங்கள், திருப்புங்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் அரிசியில் வண்டு விழும். மூடி போட்ட வாளியே வேண்டும், அந்த அரிசியை மீண்டும் சமையலுக்கு எடுக்கவும் கூடாது. சோற்றுக்குரிய அரிசியை இதற்கு ஒதுக்க மனம் வராதவர்களுக்கு இறப்பர் பட்டியே போதும்.

யாருக்கு எது

சுழற்பந்து வீசும் பிள்ளைக்கும் பட்மின்டன் ஆடுபவருக்கும் வேண்டியது, மணிக்கட்டு எல்லாப் பக்கமும் வேகமாகத் திரும்பியும் களைக்காதிருப்பது. மீற்றர் உள்ள பிளாஸ்டிக் பவர்போல் அவர்களுக்கே உரியது. மிருதங்கம் பயில்பவருக்கும் அதுவே. ஆனால் கச்சேரி நாளில் வேண்டாம். களைத்த முன்கையோடு சொற்கட்டு தெளிவாக விழாது. பளு தூக்குபவருக்கு பிடி நழுவுவதுதான் சிக்கல். அவர் கிரிப்பரை வாங்கி, கூடவே கம்பியில் துவாயைப் போட்டு இரு முனையையும் பிடித்துப் பத்திலிருந்து இருபது விநாடி தொங்கட்டும். நாள் முழுக்கக் கணினியில் தட்டுபவரும் தையல்காரரும் பெரும் பலம் தேடவில்லை. குறைந்த வேகத்தில் பந்து, இறப்பர் பட்டி, அதற்கு மேல் வேண்டாம். மணிக்கட்டு முறிந்து பிளாஸ்ரர் கழற்றியவர், எலும்பு பொருந்தியதை வைத்தியர் உறுதிப்படுத்தி, இயன்மருத்துவர் சொன்ன பிறகே இவற்றைத் தொடவேண்டும். இரண்டு குறையும் உள்ளவருக்கு எங்கள் தெரிவு: முதலில் மலிவான திருகு கிரிப்பரும் வீட்டில் செய்த உருளைக் கட்டையும். இரண்டு மாதம் தவறாமல் செய்தால் பிறகு பந்துக்குச் செலவழிக்கலாம்.

அளவும் நோவும்

பந்தில் முதல் வாரம் ஒவ்வொரு கைக்கும் முப்பது விநாடி வீதம் மூன்று சுற்று, இடையில் ஒரு நிமிட ஓய்வு, வாரத்தில் நான்கு நாள். அடுத்த வாரங்களில் ஒரு சுற்றுக்கு பத்து விநாடி ஏற்றி ஒரு நிமிடத்துக்கு வாருங்கள். ஒரு சுற்று வலமாக, அடுத்தது இடமாக. திசை மாறினால் சுமை விழும் ஒழுங்கு மாறும், எந்தத் திசை உங்களுக்குத் தடுமாறுகிறதோ அதுவே அதிகம் வேண்டிய திசை. கையைத் தொங்கவிட்டு ஒரு நாள், முழங்கையை மடித்து ஒரு நாள் என்று நிலையையும் மாற்றுங்கள். கிரிப்பர் வாரத்தில் மூன்று நாள் போதும். நசுக்கும் பலம் ஓய்வில்தான் வளரும்.

முன்கை எரிவு நல்லது, இரண்டு நாளில் போய்விடும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து இரவில் எழுப்பினால், மணிக்கட்டுக்குள் ஓடும் நரம்பு நெரிபடுகிறது. பெருவிரலின் அடியில் கூரான வலி வந்தால் அங்குள்ள தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். இந்த இரண்டிலும் பயிற்சியை உடனே நிறுத்தி வைத்தியரைக் காணுங்கள். தாங்கிக்கொண்டு செய்தால் பழகிவிடும் என்பது இங்கே பொருந்தாது. பந்தைப் பிடிக்குமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். பந்தை அளவுக்கு மிஞ்சி இறுகப் பிடிப்பதும் விறைப்பைக் கொண்டுவரும். வழுகாத அளவுக்குப் பிடித்தால் போதும்.

வாங்கும்போது

கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். உருளையை விரலால் ஒரு முழுச் சுற்று மெதுவாக உருட்டிப் பாருங்கள். எங்காவது ஒரே இடத்தில் தட்டுப்பட்டால் பள்ளத்தில் பிசிறு இருக்கிறது, அது சரியாகாது. ஓட்டின் இரு பாதிகளும் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டுங்கள். படி தட்டினால் பொருத்தம் பிழை, வேகத்தில் நடுங்கும். காதருகே வைத்துக் குலுக்குங்கள். அச்சு பள்ளத்துக்குள் கொஞ்சம் ஆடும், அது இயல்பு. சில்லறைபோல் கிலுகிலுத்தால் உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது. கடைசியாகக் கயிறு போட்டு ஒருமுறை சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்கவேண்டாம். இணையத்தில் வாங்கினால் இதே சோதனைகளைப் பொருள் வந்த அன்றே செய்து, திருப்பி அனுப்பும் நாள் முடியுமுன் முடிவெடுங்கள். உலோக உருளை என்று வந்ததைச் சமையலறைத் தராசில் வையுங்கள். 250 கிராமுக்கு அருகில் நின்றால் அது வெள்ளி நிறம் பூசிய பிளாஸ்டிக்.

வீட்டில் ரைல்ஸ் தரையென்றால் பாய் விரித்தோ கட்டிலில் அமர்ந்தோ பயிலுங்கள். முழு வேகத்தில் கைதவறி விழும் பந்து தன் வெளி ஓட்டை மட்டும் உடைப்பதில்லை, அச்சு முனை பள்ளத்தில் ஒரு வடுவையும் போட்டுவிடும். அதன்பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் டக் டக்கென்று கேட்கும், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் அது போகாது.